உள்ளங்கையளவு துப்பாக்கி

என் மகள் ரொவீனாவை நான் நேருக்கு நேர் கட்டி அணைத்தது கிடையாது. கல்நெஞ்சன் என்று நினைத்துவிட வேண்டாம். என் வலது இடுப்பில் முப்பது வருடமாக ஒரு துப்பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் ஊரில் பாதி ஆண்கள் இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் நின்று பார்த்தால் தெரியும். எல்லோரும் இடது பக்கமாகத்தான் அணைத்துக்கொள்வோம். வலது முழங்கை மட்டும் இறக்கை ஒடிந்த கோழியைப் போல விலாவோடு ஒட்டியே இருக்கும்.

போன மார்ச்சில் ரொவீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஓபல் என்று பெயர் வைத்தாள். ஜூலையும் வந்துவிட்டது, பேத்தியை நான் இன்னும் கையில் தூக்கவில்லை. ரொவீனா போட்டது ஒரே ஒரு நிபந்தனை. போனில்தான் சொன்னாள்.

"அப்பா, அதைக் கழட்டி வெச்சுட்டு வாங்க. வண்டியில வெச்சாலும் சரி, ஆத்துல போட்டாலும் சரி. அது உங்க மேல இருக்குற வரைக்கும் ஓபலத் தொடக் கூடாது."

"முப்பது வருஷத்துல யாருக்காவது ஒண்ணு ஆச்சா கண்ணு?"

"கக்கூஸ் கதவுக்கு ஆச்சே."

அந்தக் கதவு விஷயம் ஒரு விபத்து. அவசரமாக இடுப்புவாரை அவிழ்த்தேன், துப்பாக்கி உறையிலிருந்து நழுவியது, நழுவியதைப் பிடிக்கக் கூடாத இடத்தில் பிடித்துவிட்டேன். கதவில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக என் அப்போதைய மனைவி மேபெல் என்னைப் பார்த்த பார்வையை ஊரில் பலருக்கு நடித்துக் காட்டியிருக்கிறேன், எல்லோரும் சிரிப்பார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஏழு வயது ரொவீனா பல் துலக்கிக்கொண்டு நின்றாள் என்பதை மட்டும் கடைசியில்தான் சொல்வேன். பல சமயம் சொல்வதே இல்லை.

வண்டியில் வைத்துவிட்டுப் போனால் முடிந்தது. புத்தியுள்ள எவனுக்கும் அதுதான் தோன்றும். எனக்குத் தோன்றியது வேறு. அவள் கண்ணுக்கும் கைக்கும் தட்டுப்படாத அளவுக்குச் சின்னதாக ஒன்று வாங்கிவிட்டால் என்ன?

இதற்கு நான் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். எரிவாயு உருளை ஏற்றிப் போன காலத்தில், நெடுஞ்சாலையோர பெட்ரோல் பங்க் ஒன்றில் ஒருவன் கத்தியைக் காட்டி என் பணப்பையைப் பறித்தான். பிறகு குனிந்து பார்த்து, பூட்ஸ் நன்றாக இருக்கிறதே என்று அதையும் கழற்றச் சொன்னான். நாற்பது மைல் காலுறையோடு வண்டி ஓட்டி வீடு வந்தேன். மறுநாளே துப்பாக்கி வாங்கினேன். அதன் பிறகு யாரும் என்னிடம் எதையும் பறிக்க வரவில்லை. துப்பாக்கிக்குப் பயந்தா, என்னிடம் பறிக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்தா, அது எனக்குத் தெரியாது. ஆனால் அது இல்லாமல் வாசல்படி தாண்டினால் இன்றைக்கும் கால் சில்லிடுகிறது.

எங்கள் ஊரில் துப்பாக்கிக் கடை ஒன்றே ஒன்று. அதை வைத்திருப்பவன் கார்லண்ட் ப்ரூயிட், மேபெலின் தம்பி. விவாகரத்து ஆகிப் பதினோரு வருடம் ஆனாலும் என்னைப் பார்த்தால் அவனுக்கு நேற்று நடந்தது மாதிரி முகம் கறுக்கும்.

"வா, முன்னாள் மாப்ள," என்றான். "வாங்க வந்தியா, இல்ல ஏசி காத்துக்கு வந்தியா?"

"சின்னதா ஒண்ணு வேணும்."

"உன் மூளை சைஸுக்கா?"

"கால்சட்டைப் பை சைஸுக்கு. வெளிய தெரியக் கூடாது, உக்காந்தா குத்தக் கூடாது."

"இடுப்புல ஒரு எருமையக் கட்டிக்கிட்டு முப்பது வருஷம் திரிஞ்ச. இப்ப என்ன திடீர்னு?"

"வெயில் நூத்தி நாலு டிகிரி. மேல கோட்டுப் போட முடியல."

பாதி உண்மை. அவன் நம்பவில்லை, ஆனால் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தான். பச்சைத் துணியை விரித்து அதன்மேல் மூன்று துப்பாக்கிகளை வைத்தான். ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று எனக்குக் காட்டி, தானும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் தந்தான். விரோதியாக இருந்தாலும் அந்த ஒழுங்கில் ஒரு குறையும் வைக்க மாட்டான்.

முதலாவது பார்க்க லைட்டர் மாதிரி இருந்தது. விசை வளையத்துக்குள் என் விரல் போகவில்லை. தள்ளிப் பார்த்தேன், போனது. பிறகு வெளியே வரவில்லை.

"விரலா அது, மக்காச்சோளக் கதிரா?" கார்லண்ட் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். "திருடன் வந்தா கொஞ்சம் இருப்பா, எண்ணெய் தடவிட்டு வரேன்னு சொல்லுவியா?"

இரண்டாவது இரட்டைக் குழல், இரண்டே குண்டு. அழகாகத்தான் இருந்தது. பையில் போட்டதும் கால்சட்டை ஒரு பக்கம் இறங்கியது. எனக்கு வயிறு பெரிது, இடுப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. எது தொங்கினாலும் கீழேதான் வரும்.

மூன்றாவது கறுப்பு. சீட்டுக்கட்டை விடக் கொஞ்சம் தடிமன். ஆறு குண்டு போட்டாலும் முக்கால் ராத்தல் கூட இல்லை. ஒரு தோல் உறையில் செருகி வலது பையில் விட்டேன். இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கடையின் மூலையில் ஆளுயரக் கண்ணாடி உண்டு. வாங்குகிறவன் அதன் முன்னால் நின்று எல்லாக் கோணத்திலும் பார்ப்பான். துணியில் துப்பாக்கியின் வடிவம் தெரிந்தால் 'அச்சு விழுது' என்போம். அச்சு விழுவது எங்கள் ஊரில் பெரிய அவமானம். பொம்பளைக்கு உள்பாவாடை தெரிகிற மாதிரி.

குனிந்தேன். உட்கார்ந்தேன். மேல் தட்டை எட்டினேன். வண்டியில் ஏறுகிற மாதிரி காலைத் தூக்கினேன். அச்சு விழவில்லை. இன்னும் ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. அதற்குக் கண்ணாடி போதாது.

"கார்லண்ட், கொஞ்சம் இந்தப் பக்கம் வா."

"எதுக்கு?"

"வாயேன்."

வந்தான். கட்டிப் பிடித்தேன். நேருக்கு நேர், முழுசாக, இரண்டு கையாலும். பதினோரு வருடமாக எனக்கு வணக்கம் கூடச் சொல்லாத மனிதன் மரக்கட்டை போல நின்றான். அவன் தாடியில் புகையிலை வாசம் அடித்தது.

"எதாவது தட்டுப்படுதா?" என்று காதில் கேட்டேன்.

"வெக்கம்தான் தட்டுப்படுது. விடுடா!"

என்னைத் தள்ளிவிட்டுச் சட்டையைச் சரிசெய்தான். பிறகு அவன் முகம் மெல்ல மாறியது. சந்தேகம், கணக்கு, அப்புறம் கோபம், இந்த வரிசையில்.

"யாரைக் கட்டிப்பிடிக்கப் போற நீ?"

நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

"ரொவீனாவ ஏமாத்தவா எங்கிட்ட வந்த?" மேசையை ஒரு குத்து குத்தினான். அதன்மேல் மிச்சமிருந்த துப்பாக்கி இரண்டும் துள்ளின. "எங்க அக்கா பொண்ணுடா அவ. எனக்கும் அதே சட்டம்தான் போட்டா, தெரியுமா? நான் மூணு வெச்சிருப்பேன். மூணையும் வண்டியில பூட்டிட்டுத்தான் உள்ள போனேன். வாசலுக்கும் வண்டிக்கும் நடுவுல ரெண்டு தரம் வண்டிக்கே திரும்பிட்டேன். இருந்தாலும் போனேன். அந்தப் புள்ள என் தாடியப் புடிச்சு இழுத்துச்சு."

என் பேத்தி இவன் தாடியை இழுத்திருக்கிறாள் என்றதும் எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

"விக்கிறியா, இல்லியா?"

"விக்கிறேன். விக்கிறதுதான் என் தொழில். உன்ன மதிக்கிறது என் தொழில் இல்ல."

கடைக்குப் பின்னால் மண்மேடு வைத்துச் சுட்டுப் பார்க்க இடம் உண்டு. ஏழு அடி தூரத்தில் அட்டை. ஆறு குண்டு சுட்டேன். துப்பாக்கி சின்னதாகச் சின்னதாக உதை பெரிதாகும், அது எனக்குத் தெரியும். ஆனால் இது உதைக்கவில்லை, கடித்தது. ஆறாவது குண்டு போகும்போது கட்டைவிரல் இடுக்கில் ரத்தம். அட்டையில் ஒரே ஓட்டை, அதுவும் ஓரத்தில்.

"பரவால்ல," என்றான் கார்லண்ட். "திருடன் சிரிச்சே செத்துருவான்."

படிவம் நிரப்பினேன், எனக்கு விற்கலாமா என்று அவன் அரசாங்கத்துக்குப் போன் செய்து கேட்டான், அரசாங்கத்துக்கு என்மேல் புகார் இல்லை. அரசாங்கத்துக்குக் கக்கூஸ் கதவைப் பற்றித் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து நேராக ரொவீனா வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் டெக்சஸ் பக்கம் எண்ணெய்க் கிணற்றில் வேலையாகப் போயிருந்தான். கதவைத் திறந்தவள் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, வலது இடுப்பைப் பார்த்தாள். அங்கே இடுப்புவார் மட்டும்தான் இருந்தது.

நான் இரண்டு கையையும் விரித்து அவளை அணைத்துக்கொண்டேன்.

முதலில் விறைத்தாள். பிறகு அவள் தலை என் தோளில் சாய்ந்தது. வெகுநேரம் அப்படியே நின்றாள். நெற்றி என் கழுத்தில் சூடாகப் பட்டது.

"அப்பா," என்றாள், "நீங்க இப்படிப் புடிச்சதே இல்ல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சமையலறையிலிருந்து வறுத்த வெண்டைக்காய் வாசனையும் வந்தது. எனக்கு எப்போதும் வாசனைதான் ஜெயிக்கும்.

சாய்வு நாற்காலியில் என்னை உட்காரவைத்து ஓபலை மடியில் கொடுத்தாள். நாலு மாதக் குழந்தை. வழுக்கைத் தலை, இரண்டு தாடை. எல்லோரும் அவள் என்னை மாதிரி என்று சொன்னது புகழ்ச்சி இல்லை, வர்ணனை என்று அப்போதுதான் புரிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு காலை உதைக்க ஆரம்பித்தாள்.

கடையில் குனிந்து பார்த்தேன், உட்கார்ந்து பார்த்தேன், வண்டியில் ஏறிப் பார்த்தேன். மடியில் ஒரு குழந்தையை வைத்துப் பார்க்கவில்லை. அதற்குக் கண்ணாடி முன்னால் வழி இல்லை, அப்படி ஒரு சோதனை இருப்பதாக யாருக்கும் தோன்றியதும் இல்லை. அவளுடைய வலது குதிகால் சரியாக என் பையின்மேல் வந்து விழுந்தது. எடுத்தாள். மறுபடி வைத்தாள். மெல்லிய துணி, ஒரு தோல் உறை, அதற்குக் கீழே அது. ஒவ்வொரு உதைக்கும் அது என் தொடையில் அமுங்கியது. தானாக வெடிக்காது என்று எனக்குத் தெரியும். அந்தப் பழையதும் தானாக வெடிக்கவில்லை.

"தேநீர்ல ஐஸ் போடட்டுமா அப்பா?" உள்ளேயிருந்து ரொவீனா கேட்டாள். அந்தக் குரலில் வருடக்கணக்காக நான் கேட்காத ஒரு லேசு இருந்தது.

"ரொவீனா, இங்க வா. புள்ளயத் தூக்கிக்கோ."

"ஏன், ஈரம் பண்ணிட்டாளா?"

"தூக்கு முதல்ல."

தூக்கினாள். நான் இரண்டு கையையும் நாற்காலியின் கைப்பிடிமேல் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

"வலது பையில ஒண்ணு இருக்கு," என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. குழந்தையின் தலையைத் தன் கையால் மூடிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். அந்த ஒரு அடி எனக்குப் போதுமானதாக இருந்தது. அவள் இன்னும் இரண்டு அடி போனாள்.

"வாசல்ல கட்டிப்பிடிச்சீங்களே, அப்பவும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அதுக்குன்னே சின்னதா தேடி வாங்கினீங்களா?"

"ஆமா."

"என்னைக் கட்டிப்பிடிக்கறதுக்கு."

அவள் அப்படிச் சொன்னபோது அது எவ்வளவு கேவலமான கொள்முதல் என்று தெரிந்தது.

"என் வீட்டுல யாருக்குப் பயப்படறீங்க நீங்க? எனக்கா? இவளுக்கா? வெண்டைக்காய்க்கா?"

வேடிக்கையாக எதையாவது சொல்லித் தப்பிப்பது என் வழக்கம். அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன்.

"வெளிய போங்க."

போனேன். வெயில் அடித்துக் கொளுத்தியது. வண்டியின் பெட்டியில் துப்பாக்கியை வைத்துப் பூட்டினேன். திரும்பி நடந்தேன். இருபது தப்படி தூரம். பாதி வழியில் கால் சில்லிட்டது, காலுறையோடு நடக்கிற மாதிரி. கதவு தாளிட்டிருந்தது. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரொவீனா குழந்தையோடு நின்றாள்.

நான் வலது பையை வெளியே இழுத்துக் காட்டினேன். இடது பையை இழுத்தேன். பின்பைகள் இரண்டு. சட்டைப் பையிலிருந்த தேவாலயக் காகிதத்தைக் கூட எடுத்து உதறினேன். கால்சட்டையைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினேன். அறுபத்து மூன்று வயதில், எல்லாப் பையும் நாக்கைத் தொங்கப்போட்டபடி, பட்டப்பகலில் மகள் வீட்டு வாசலில் நின்றேன். எதிர்வீட்டுக்காரன் புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"இப்ப ஒண்ணும் இல்ல கண்ணு."

"அப்பவும் அப்படித்தான் நெனச்சேன்," என்றாள் கண்ணாடி வழியாக.

நியாயம் அவள் பக்கம் இருந்தது, குழந்தையும் அவள் பக்கம் இருந்தது.

குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள். "இன்னிக்கு இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க. வாசல்லயே நான் தடவிப் பாப்பேன், போலீஸ்காரன் மாதிரி. கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்க மாட்டேன்."

"வாரா வாரம் பாப்பேன்."

"பாரு."

"எத்தனை வருஷம்னு கேக்கக் கூடாது."

சரியென்று தலையாட்டினேன். அவள் திரை போட்டாள். பைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டு வண்டிக்கு நடந்தேன்.