சௌந்திரம் சுரண்டித் தின்ற சுவர்

எருமப்பட்டி லாரி டிரைவர் மயில்சாமியின் மனைவி சௌந்திரம் ஒரே வயிற்றுப்பிள்ளையோடு இரண்டு ஆடியைப் பார்த்தவள். முதல் ஆடி எழுபத்தொன்பதில், அப்போது மசக்கை. மற்ற பொம்பளைகள் மாங்காய்க்கும் சாம்பலுக்கும் அலைவார்கள். இவள் படுக்கையறைச் சுவரைச் சுரண்டித் தின்றாள். பழைய மண்சுவர், மேலே சுண்ணாம்பு. தலைமாட்டில் கை எட்டிய மட்டும் மண் தெரிந்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு தடவை கரு தங்காமல் போய் நூலாகக் கிடந்து எழுந்தவள். இதுவும் போனால் பிள்ளையோடு இவளும் போய்விடுவாள் என்று மயில்சாமிக்குப் பயம். சொல்லிப் பார்த்தான், கையைப் பிடித்து வைத்தும் பார்த்தான். "நா என்ன பண்றதுங்க, வாயி கேக்க மாட்டீங்குது" என்று அழுதாள்.

பம்பாய்க்கு வெல்லம் ஏற்றிப் போன மயில்சாமி, அங்கே இடிபடுகிற ஓட்டல் ஒன்றில் மீந்து கிடந்த சுவர்க் காகிதத்தைச் சுருள் சுருளாக வாங்கி வந்தான். பச்சைக்கொடி, மஞ்சள் பூ. சினிமாக் கொட்டகைச் சுவரைத் தவிரக் காகிதம் ஒட்டிய சுவர் எதையும் எருமப்பட்டி கண்டதில்லை. கேலி பேசியவர்களைச் சட்டை செய்யாமல், ஆளும் வைக்காமல், தானே இறங்கினான். சேகோ மில்லில் வாங்கிய மரவள்ளிக் கிழங்கு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சினான். நூலில் லாரி நட்டைக் கட்டித் தொங்கவிட்டு நேர் பார்த்தான். நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் நீவி, கொப்புளம் எழுந்த இடத்தை ஊசியால் குத்தி அமுக்கினான். கொடியோடு கொடி பிசகாமல் சேர்ந்தது. விட்டத்துக்குக் கீழே குருவிப் பொந்து ஒன்று இருந்தது. வீட்டில் புள்ளத்தாச்சி இருக்கையில் புருஷன்காரன் பொந்து அடைத்தால் பிள்ளைக்கு வழி அடைபடும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததால்தான் ஏணியில் கொஞ்ச நேரம் யோசித்து நின்றான். சிமெண்டு வைத்தா பூசுகிறோம், வெறும் காகிதந்தானே என்று அதன் மேலும் ஒட்டிவிட்டான்.

சௌந்திரம் சுவர் தின்பதை விட்டாள். ஆனால் தை போயிற்று, மாசி போயிற்று, சித்திரை வெயிலும் வந்துவிட்டது. வலி வரக் காணோம். நாமக்கல்லில் காட்டிய டாக்டரம்மா, துடிப்பு நன்றாக இருக்கிறது, மாசக் கணக்கைத்தான் விட்டுவிட்டீர்கள் என்று திருப்பி அனுப்பினார். மருத்துவச்சி ஆத்தாயி வந்து வயிற்றைத் தடவி, "பொந்து கிந்து எதாச்சும் அடச்சயா சாமி?" என்று கேட்டாள். மயில்சாமி தலையைக் குனிந்தான். "அட கெரகம் புடிச்சவனே!" என்று திண்ணென்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவளுக்கும் அதற்கு மேல் வழி தெரியவில்லை. அன்றைக்கே காகிதத்தைக் கிழித்தான். அடியில் அதே கொடி, அதே பூ. கடப்பாரை போட்டு இடித்தான். மண்ணே உதிரவில்லை, காகிதந்தான் வந்தது. விடிந்தால் கிழிசலும் மூடியிருந்தது. காகிதம் ஒட்டுவது அடைப்பதில் சேருமா சேராதா என்று டீக்கடையில் இரண்டு கட்சி கட்டி அடித்துக்கொண்டார்கள். இங்கே சௌந்திரம் கால் வீங்கி, பேச்சுக்குப் பேச்சு மூச்சு வாங்கிக் கிடந்தாள். "எனக்கு எதாச்சும் ஆனா புள்ளயப் பாத்துக்கோங்க" என்பாள். அவன் வெளியே போய் லாரி டயரை உதைப்பான்.

இரண்டாம் ஆடியில் ஒரு நாள், பால் கறக்கும் நேரத்துக்குக் கண் விழித்தவள் வயிறு வற்றிக் கிடந்தது. ரத்தமில்லை, வலியில்லை. தலைமாட்டுச் சுவர் பானையாகப் புடைத்து, உள்ளிருந்து உதைத்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்து அதை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். ஓடி வந்த ஆத்தாயி கட்டிலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், பழக்க தோஷத்தில் "சுடுதண்ணி வெய்யிங்க" என்றாள். மயில்சாமி பிளேடை எடுத்தான். "பிளேடு வேண்டாங்க, புள்ள மேல பட்டுரும்!" என்று சௌந்திரம் மறித்தாள். உதை தளர்ந்துகொண்டே வந்தது. கிழங்குக் கஞ்சி வெந்நீருக்கு இளகும் என்பது அப்போதுதான் அவன் மண்டையில் உறைத்தது. துண்டை நனைத்து ஒற்றி ஒற்றி, விளிம்பு எழும்ப எழும்ப உரித்தான். ஒரு தாள், அதற்குள் இன்னொரு தாள். கை வெந்து தோல் கழன்றது. உதை நின்றே போயிற்று. "நிறுத்தாதீங்க, உரிங்க!" என்று அவள் அலறினாள். கடைசித் தாளுக்குள் ஈரமாக ஒரு குதிகால் தெரிந்தது. ஆத்தாயி கையை விட்டு இழுத்தாள். பெண் பிள்ளை, உடம்பெல்லாம் கஞ்சிப் பிசுக்கு. தலைகீழாகப் பிடித்துத் தட்டியதும் வீறிட்டது. மயில்சாமி தரையில் உட்கார்ந்து, வெந்த கையை மடியில் போட்டுக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதான்.

வள்ளியாத்தாள் என்று பேர் வைத்தார்கள். சீர் கொண்டுவந்த பெண்கள் தாய்க்கு மஞ்சள் பூசிவிட்டு மிச்சத்தைச் சுவருக்கும் பூசினார்கள். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. எண்பத்து மூன்றில் சௌந்திரம் மறுபடி முழுகாமல் இருந்தாள். ஆத்தாயி வந்து வயிற்றைத் தடவினாள். பிறகு உள்ளே போய் நாலு சுவரையும் ஒவ்வொன்றாக நிதானமாகத் தடவிவிட்டு வந்து, "இந்தத் தடவ வவுத்துலதான் இருக்குது சாமி" என்று சொல்லி வெற்றிலைக்குக் கை நீட்டினாள்.