முதல் மீன்

சவப்பெட்டிக்குள் கிடந்த மாலைகளை விலக்கி, மகள் நிறஞ்சலாவின் கால்களைத் தொட்டுப் பார்த்தார் பெனடிக்ற். இரண்டும் வீங்கிக் கிடந்தன. சப்பாத்து நுழையவில்லை என்று வெள்ளைச் சீலையால் சுற்றியிருந்தார்கள். பிறக்காத பிள்ளையும் அவளோடுதான் போகிறது.

“இப்பிடி வீங்கினதை ஆரும் எனக்குச் சொல்லேல்லை.”

அருகில் நின்ற மருத்துவிச்சி டிலோஜினி குரலைத் தாழ்த்தினாள். “முந்தநாள் காலமை வந்து பாத்தனான் ஐயா. பிறஷர் எக்கச்சக்கம். தலையிடி, கண்ணும் மங்குது எண்டவ. அம்புலன்சுக்கு அடிப்பம் எண்டன். மாமியார் விடேல்லை.”

“ஏன்?”

“புதுப் படகு முதல் நாள் தொழிலுக்குப் போனதாம். அது கரைக்கு வர முந்தி வீட்டுக்காரி படி தாண்டினால் படகுக்குக் கூடாதாம். கடலிலை நிண்ட உங்கடை மருமோன் எமிலுக்கும் போன் எடுத்தனாங்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ, நான் வந்து கூட்டிக்கொண்டு போறன் எண்டார்.”

“எனக்கேன் மிஸி ஒரு போன் எடுக்கேல்லை?”

“அப்பாவுக்குச் சொல்லுங்கோ எண்டு நிறஞ்சலாவும் கையைப் பிடிச்சுக் கேட்டவ. தான் சொல்லுறன் எண்டு மாமியார் சொன்னவ. நம்பிப்போட்டன்.”

அன்று மத்தியானம் சம்பந்தி எடித் பேசாலையில் அவர் வீட்டுக்கு வந்தது மெய்தான். புதுப் படகின் முதல் வலையில் பட்ட பாரை மீனைப் பெண் கொடுத்த வீட்டுக்கு வழக்கப்படி கொண்டுவந்தாள். “உங்கடை மகளின்ரை ராசி. அவ நல்ல சுகம்,” என்று சிரித்தாள். ஒருவரையும் நம்பாத மனுசன் பெனடிக்ற். அன்றைக்கு மீனைப் பார்த்து நம்பினார். காய்ச்சி, வயிறு நிறையத் தின்றார். அவர் கை கழுவும்போது, அங்கே இன்னும் வீட்டிலேயே கிடந்த மகளுக்கு வலிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்தாள்.

படகு அவர் கொடுத்த சீதனம்.

எடித் மூக்கைச் சிந்திக்கொண்டு பக்கத்தில் வந்தாள். “எல்லாம் ஆண்டவற்றை சித்தம், சம்பந்தி.”

“ஆண்டவரோ போனிலை பொறு எண்டவர்?”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் ஒரு வரியை விட்டுவிட்டு, பிறகு சத்தமாகத் தொடர்ந்தார்கள்.

கோயில் மணி கேட்டது. பெட்டியை மூடினார்கள். அழுது சிவந்த முகத்தோடு எமில் வந்து முன்பிடியில் கை வைத்தான். பெனடிக்ற் அந்தக் கையை எடுத்து விட்டார்.

“நீ கொஞ்சம் பொறு.”

தானே பிடித்துத் தூக்கினார். எமில் வாசல் நிலையோடு ஒட்டி உள்ளே நின்றான்.

பெட்டி படி தாண்டியது.