கணையத்தில் இரண்டு குடித்தனம்

“ட்யூபைச் சரியாக் கழுவலைன்னு இன்னொரு தடவை சொல்லுங்க அத்தான், தட்டோட எழுந்து போயிடுறேன்!”

“தாராளமா போ. போற வழியில அந்த ட்யூபையும் கழுவிட்டுப் போ!”

“ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க. ஜன்னல் திறந்திருக்கு” என்றாள் அக்கா.

திறந்துதான் இருந்தது. எதிர்வீட்டு ஜன்னலும் திறந்திருந்தது. அங்கே அன்று வானொலியைக்கூட யாரும் போடவில்லை.

இத்தனை கூச்சலும் சொத்துக்காக என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். நிமோனியாக் கிருமிக்காக.

அத்தானும் மச்சினியும் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். அத்தானுக்கு அங்கே ‘புரதம்’ என்று பெயர். உயிருள்ள எதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலும் கடைசியில் “எல்லாம் புரதம்தான்” என்று முடிப்பார். கல்யாணப் பத்திரிகையில் போட்ட பெயர் அவருடைய மனைவிக்கே இந்நேரம் மறந்திருக்கும். தங்கை வேதியியல் படித்துவிட்டு அங்கேயே சேர்ந்து, அக்கா வீட்டு மாடியறையில் தங்கியிருந்தாள். கூடத்தில் சண்டை, வீட்டில் சண்டை. நடுவில் பஸ்ஸில் மட்டும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு வருவார்கள்.

விஷயம் இதுதான். நிமோனியாக் கிருமியில் ஒரு வகை சர்க்கரைப் போர்வை போர்த்தியது. தட்டில் வளர்த்தால் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். போர்வையில்லாத வகை சொரசொரவென்று வளரும். போர்த்திய கிருமியைக் கொன்று சாறெடுத்து, போர்வையில்லாததோடு கலந்தால் அதில் சில போர்த்திக்கொண்டுவிடும். அதோடு போகிறதா? அவற்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் போர்வையோடுதான் பிறக்கும். ஆக, பரம்பரைக் குணத்தைச் சுமக்கும் ஏதோ ஒன்று அந்தச் சாற்றில் இருக்கிறது. அது டி.என்.ஏ.தான் என்று தொலைவிலுள்ள ஒரு கூடம் சொல்லியிருந்தது. முக்கால்வாசிப் பேர் நம்பவில்லை. சரிபார்க்கும் வேலையை இயக்குநர் அத்தானுக்கும் மச்சினிக்கும் தனித்தனியாகக் கொடுத்தார். அந்த வீட்டு நிம்மதியைக் கெடுக்க வேறு வினையே வேண்டியிருக்கவில்லை.

சோதனை ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு குழாய்ச் சாற்றில் புரதத்தைத் தின்னும் நொதியை விட வேண்டும், இன்னொன்றில் டி.என்.ஏ.வைத் தின்னும் நொதியை. எது தின்னப்பட்டால் சாறு சக்தி இழக்கிறதோ, அதுதான் பரம்பரையைச் சுமப்பது. தங்கையிடம் டி.என்.ஏ. நொதி விட்ட சாறு மட்டும் செத்துப்போனது. அத்தானிடமோ புரத நொதி விட்ட சாறும் செத்துப்போனது. அவர் குதிக்காத குறை.

“டி.என்.ஏ.ன்னா நாலே நாலு துண்டு. புரதத்துல இருபது இருக்கு. நாலு எழுத்தை வச்சுக்கிட்டு நீ என்னத்த கதை எழுதுவ?”

“எழுதத் தெரிஞ்சா நாலு போதும்.”

இயக்குநருக்கு இந்த வாய்ச்சண்டை அலுத்துவிட்டது. புதிதாக ஒருவர் சேரவிருந்தார். அவருக்கு மேசை வேண்டும். “மாசக் கடைசிக்குள்ள ரெண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்லணும். யார் தப்போ அவங்க மேசையைக் காலி பண்ணட்டும்” என்றார். அத்தானின் மேசையை அசைக்க யாருக்கும் தைரியம் வராது. போனால் தங்கையின் மேசைதான் போகும். போனபின் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். வரன்களின் போட்டோக்களை அக்கா சமையலறை இழுப்பறையில் அடுக்கி வைத்திருந்தாள். தங்கை கல்யாணத்துக்கு எதிரியல்ல. மேசை போனதால் மணமேடை ஏறினாள் என்று பேர் வாங்க அவளுக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

கோளாறு எங்கே என்று அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவள் புட்டியில் வரும் சுத்தமான புரத நொதியை வாங்கினாள். அத்தானுக்கு அது கடைச்சரக்கு, கையால் தொடமாட்டார். இறைச்சிக் கடையில் மாட்டுக் கணையம் வாங்கி, தானே அரைத்து, தானே வடிகட்டினால்தான் அவருக்குத் திருப்தி. மீந்த கணையம் வீட்டு ஃப்ரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருக்கும். அதன் நாற்றத்தில் அக்கா வெண்ணெய் தின்பதையே விட்டிருந்தாள்.

“கணையத்துல ரெண்டு நொதியும் குடித்தனம் பண்ணுது அத்தான். நீங்க ஒண்ணைக் கூப்பிட்டா ரெண்டும் வருது.”

“நான் வடிகட்டுற வடிகட்டலுக்கு ஒண்ணுகூடத் தப்பாது!”

தங்கைக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. டி.என்.ஏ. நொதி மக்னீசியம் இல்லாமல் வாயைத் திறக்காது. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உப்பைப் போட்டால், அது மக்னீசியத்தைக் கவ்விக்கொள்ளும். புரத நொதி பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும், மற்றது பட்டினி கிடக்கும். ஆனால் அவள் கைபட்டால், அவள் கழுவாத குழாய்தான் காரணம் என்று அத்தான் சொல்லிவிடுவார். அதனால் அக்காவைத் தூது அனுப்பினாள்.

“உங்க கணையம், உங்க கை. கொஞ்சம் உப்பு போட்டுப் பார்க்க என்ன பயம்?” என்றாள் அக்கா.

“பயமா? எனக்கா?”

“அப்போ போடுங்க. இல்லேன்னா நாளைக்குக் கணையம் வெளியில இருக்கும், நீங்க ரெண்டு பேரும் ஃப்ரிட்ஜுக்குள்ள இருப்பீங்க.”

அத்தான் ஒத்துக்கொண்டார். ஆனால் மனுஷன் லேசுப்பட்டவரில்லை. மறுநாள் மேசையருகே வந்து நின்று கேட்டார்: “சரி, உன் உப்பு என் புரத நொதியையும் சேர்த்துக் கட்டிப்போட்டா?”

தங்கை எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். நல்ல கேள்வி. தனக்குத் தோன்றாமல் போனதே என்று உள்ளூர எரிந்தது.

“முட்டை” என்றாள் கடைசியில். “அவிச்ச முட்டையோட வெள்ளையும் புரதம்தானே? உங்க கணையச் சாறும் உப்பும் கலந்ததுல ஒரு துண்டு, வெறும் உப்புத் தண்ணில ஒரு துண்டு போடுவோம். முதல் துண்டு மட்டும் கரைஞ்சா உங்க நொதி வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

அத்தான் முதல்முறையாக அவளை ஒரு ஆளாகப் பார்த்தார். “பொடிசா நறுக்கு” என்றார்.

கிருமிச் சாற்றில் உப்போடு ஒன்று, உப்பில்லாமல் ஒன்று என்று கணையச் சாற்றை அவரே கலந்தார், போர்வையில்லாத கிருமியைச் சேர்த்து அவரே தட்டுகளில் பரப்பினார். தங்கை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். காலையில் வந்து பார்த்தால், வெறும் உப்புத் தண்ணீரில் முட்டைத் துண்டு போட்டபடி கிடந்தது. மற்ற குழாயில் அது இருந்த தடமே இல்லை. உப்பில்லாத சாற்றின் தட்டு முழுக்கச் சொரசொரப்பு. உப்புப் போட்ட சாற்றின் தட்டில் சொரசொரப்புக்கு நடுவே அங்கங்கே பளபளப்பு. புரதத்தையெல்லாம் தின்றுதீர்த்த பிறகும் பரம்பரைச் சரக்கு பத்திரமாக இருந்தது.

அத்தான் தட்டை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மூடிவிட்டு, மறுபடியும் திறந்தார். தங்கைக்குக் கத்திச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

“இத்தனை வருஷமா நான்...” என்று தொடங்கி, முடிக்காமல் கோட்டைக் கழற்றி மாட்டினார். அவள் பின்னால் வருகிறாளா என்றுகூடப் பாராமல் நேரே இயக்குநர் அறைக்குப் போனார்.

இயக்குநரும் மனதுக்குள் புரதக் கட்சிதான். “ஒரு சொட்டுப் புரதம் எங்கேயாவது ஒட்டிக்கிட்டிருக்காதா?” என்று இழுத்தார்.

“இருந்தா என் நொதி தின்னிருக்கும் சார். அது முட்டையவே விடல” என்றார் அத்தான். வாசலில் நின்ற தங்கையின் பக்கம் திரும்பாமலே தொடர்ந்தார்: “நான் எடுத்த நொதிதான் சுத்தமில்ல. அவ மேசை அங்கேயே இருக்கட்டும்.”

மேசை அங்கேயே இருந்தது. அறிக்கையில் தங்கை பெயர் முதலில் வந்தது, அத்தான் பெயர் அடுத்து. அதைப் படித்தும் நம்பாதவர்கள் நிறையப் பேர். அத்தானைப் பழைய பட்டப்பெயரில் கூப்பிடுகிறவர்கள் மட்டும் இப்போது கொஞ்சம் சிரிப்போடு கூப்பிட்டார்கள். அவர் ஆறு மாதம் பொறுத்தார். பிறகு வேறு ஊரில் ஒரு பால்பொருள் ஆலையின் சோதனைக்கூடத்துக்கு வேலையை மாற்றிக்கொண்டார். அக்கா பாத்திரம் கட்டும்போது அழுதாள். புழுதி என்றாள்.

தங்கை பெண்கள் விடுதிக்குப் போனாள். இரண்டு வருஷம் கழித்து ஒரு பல் டாக்டரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். இழுப்பறைப் போட்டோக்களில் அவர் இல்லை. அவள் பேசும்போது குறுக்கே பேசமாட்டாராம், அதனால் குடும்பம் நன்றாகவே ஓடுவதாகக் கேள்வி. சாட்சிக் கையெழுத்துப் போட அத்தான் வந்தார். போட்டுவிட்டு மாலை ரயிலிலேயே திரும்பிவிட்டார். அக்கா மட்டும் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போனாள்.