இல்லாத மாடி

ஊசியில் மருந்தை இழுத்து, காற்றுக்குமிழை விரலால் சுண்டி மேலேற்றிக்கொண்டிருந்தபோது அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் வலுவில்லை. ஆனாலும் அவன் கை நின்றது.

"கீழ வைடா."

"வலிக்குதுன்னு நீதானேக்கா முனகின?"

"முனகினேன். அதுக்கும் உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

அவன் மருத்துவமனையில் நர்ஸ். இந்த மருந்தை எத்தனையோ பேருக்குப் போட்டு, அவர்கள் முகச்சுளிப்பு மெல்ல அவிழ்வதைப் பார்த்திருக்கிறான். இனி வீட்டிலேயே இருக்கட்டும், தாங்க முடியாதபோது போடுங்கள் என்று டாக்டர் கொடுத்தனுப்பியிருந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்ற மாமாவுக்கு, மனைவியின் வலியைத் தாங்க முடியாமல் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

"அவ பேச்சைக் கேக்காத. போடு."

"போட்டா கனவே வராது, கடை மூடிடும்," என்றாள் அக்கா. "ஒரே இருட்டு. எனக்கு அது வேணாம்."

மாமா தலையிலடித்துக்கொண்டார். "பாரு, இப்பவும் கனவுப் பேச்சு."

அக்கா ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் இயக்கியவள். முக்காலியில் உட்கார்ந்து, அவரவர் சொன்ன மாடியில் அவரவரை இறக்கிவிடுகிற வேலை. படுக்கையில் விழுந்த பிறகு, கனவுக்குள் இருக்கும்போதே அது கனவு என்று தெரிந்துகொள்ளப் பழகத் தொடங்கினாள். செல்போனில் யாரோ பேசியதைக் கேட்டுப் பிடித்துக்கொண்ட வித்தை. கதவு திறக்கும்போதெல்லாம் இது கனவா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். டீ கொண்டுவரும் மாமாவைப் பார்த்தும் கேட்பாள். "கனவா இருந்தா சூடா இருக்கும்டா. ஆறிப்போயிருக்கு, நிஜந்தான்," என்பாள்.

மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. கனவைக் கூர்மையாக்கும் என்று எவனோ விற்ற மாத்திரையை, தம்பிக்குத் தெரியாமல் வரவழைத்து விழுங்கினாள். மறுநாள் முழுக்க வாந்தி. அவன் கத்தித் தீர்த்தான்.

"படம் பளிச்சுனுதான் ஓடுச்சு," என்றாள் அவள். "ஆனா நான் டிக்கெட் வாங்கிட்டு உக்காந்திருக்கேன், எந்திரிக்க முடியல. அதுக்கு டிவி போதாதா?" மீதியைக் குப்பையில் போடச் சொன்னாள். பிறகு ஒரு விடியலில், மாத்திரை இல்லாமலே, கனவுக்குள் கனவென்று தெரிவது வாய்த்தது.

அவனுக்கு இதில் மதிப்பு இருந்ததில்லை. கனவை மேய்த்து மேய்த்து அவளுக்கு உள்ள தூக்கமும் கெட்டது. பகலில் எரிந்து விழுந்தாள். ஒருநாள் கேட்டேவிட்டான்.

"இதனால என்னக்கா பிரயோஜனம்? முழிச்சா அதே கட்டில்தானே?"

"முழிச்சிருக்கிறப்ப என்னால என்னடா ஆகுது? புரண்டு படுக்க உன் மாமாவைக் கூப்பிடணும். அங்க நான் நினைச்ச இடத்துல லிப்ட் நிக்கும்."

எப்போதும் விரலைச் சொடுக்கியே அவளைக் கூப்பிட்ட மேனேஜரை, அந்தக் கட்டடத்தில் இல்லாத மாடி ஒன்றுக்கு ஏற்றிக்கொண்டு போனாளாம். கதவு திறந்தால் வெறும் வானம். 'இறங்குங்க சார்' என்றாளாம்.

"இறங்கினாரா?"

"யோசிச்சிட்டிருக்கார். நானும் அவசரப்படுத்தல."

இப்போது அவள் உதடு வெளுத்திருந்தது. வலி வந்துபோவது கழுத்து நரம்பில் தெரிந்தது.

"பயமா இல்லையாக்கா?"

"இருக்கு. பயந்துட்டே போறேன். என்னைத் தூங்க வெச்சு அனுப்பாத."

"தாங்க முடியலைன்னா?"

"கேக்கறேன். கேட்டா உடனே போடணும். அப்ப வந்து என்கிட்ட நியாயம் பேசிட்டு நிக்கக்கூடாது."

மாமா கையை நீட்டினார். "கொடு இங்க. நான் போடறேன்."

"உங்களுக்குப் போடத் தெரியாது மாமா."

"தெரியாதுதான். இதைப் பாத்துட்டு நிக்கவும் எனக்குத் தெரியலையே."

அவன் ஊசியிலிருந்த மருந்தை வாஷ்பேசினில் பீய்ச்சிவிட்டு, மீதமிருந்த குப்பியை அவள் கண்ணில் படும்படி ஜன்னல் விளிம்பில் வைத்தான்.

பிற்பகல் முழுவதும் அவள் தூங்கினாள், விழித்தாள், மறுபடி தூங்கினாள். விழித்தபோதெல்லாம் அவன் ஜன்னலைப் பார்த்தான், அவள் பார்க்கவில்லை. மூடிய இமைகளுக்கு அடியில் விழிகள் ஓடின. ஒருமுறை உதடு அசைந்தது.

"அங்கதான் இருக்காளா?" என்று மாமா தணிந்த குரலில் கேட்டார்.

"தெரியல மாமா."

வெயில் சுவரிலிருந்து இறங்குவதற்குள் அவள் மூச்சு நின்றுவிட்டது.

செய்தி கேட்டு முதலில் வந்தது மாமாவின் அக்கா. நடந்ததை மாமா சொல்லக் கேட்டவள், நேரே அவனிடம் வந்தாள்.

"மருந்தைக் கையில வெச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தியா? நீயெல்லாம் ஒரு நர்ஸா?"

"வேணாம்னு சொன்னா."

"சாகப்போறவ ஆயிரம் சொல்லுவா."

"அவ ஒண்ணுதான் சொன்னா."

"நிம்மதியாப் போயிருப்பாளே, பாவி."

"நிம்மதி வேணும்னு அவ கேக்கல," என்றான். குரல் உயரவில்லை. கண்ணையும் தாழ்த்தவில்லை.

கட்டிலில் கிடந்த அவன் அக்காவின் வாய் ஒரு பக்கம் கோணி, சற்றே திறந்திருந்தது. யாரையோ எதிர்த்துப் பேச வாயெடுத்தவளைப் போலிருந்தது. பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே மாமாவின் அக்கா ஒரு பழைய துணியை நீளமாகக் கிழித்துக்கொண்டு வந்தாள், தாடையைச் சேர்த்துக் கட்ட.

அதுவரை அசையாதிருந்த மாமா நாற்காலியிலிருந்து எழுந்து துணியை வாங்கிக்கொண்டார். அவர் கட்டுவதற்குத் தோதாக மாமாவின் அக்கா தலையைத் தூக்கிப் பிடித்தாள்.

மாமா துணியை மடித்தார். இன்னொரு முறை மடித்தார். தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.