ஒரு மூச்சுப் புகை

கண்ணாடிக்காரருக்கு வாரத்தில் ஆறு நாள் கண்ணாடி, ஏழாவது நாள் துரு. கடைத்தெரு முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அடுத்தவர் பார்வைக்கு ஏற்றபடி வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்திக் கொடுப்பது தொழில். கடைக்கு விடுமுறை என்றால் போதும், காலையிலேயே வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்குள் புகுந்துவிடுவார். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி வந்த ரம்பம், இழைப்புளி, குறடு, கையால் சுற்றும் துளைக்கருவி எல்லாம் அங்கே வாளி வாளியாக வினிகரில் ஊறிக்கொண்டிருக்கும். ஊறியதை எடுத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார், எண்ணெய் பூசுவார், பளபளவென்று சுவரில் மாட்டுவார். அதோடு சரி. அவற்றை வைத்து அவர் ஒரு ஆணி அடித்து யாரும் பார்த்ததில்லை.

"சிரங்கு பிடிச்சவன் கையும் இரும்பு பிடிச்சவன் கையும் சும்மா இருக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்பாள் மனைவி. பள்ளிக்கூடத்து டீச்சர். எதையும் ஒரு பழமொழியோடு முடித்தால்தான் அவளுக்குத் திருப்தி.

மாடியறையில் குடியிருந்த அவள் தம்பி கார் மெக்கானிக். அக்காவை விடப் பதினான்கு வயது இளையவன். தாய் போனபின் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவன் தன் அக்கா கணவருக்கு வைத்திருந்த பெயர் துருவாச முனிவர்.

"என்ன முனிவரே, இன்னிக்கு எந்த இரும்புக்குச் சாப விமோசனம்?" என்று கேட்டுக்கொண்டேதான் காலையில் படியிறங்குவான்.

அன்றைய இரும்பு ஒரு பெரிய வைஸ். பட்டறை மேசையில் பொருத்தி, வேலை செய்யும் பொருளை அசையாமல் கவ்விப் பிடிக்கும் சாதனம். நாற்பது கிலோவுக்குக் குறையாது. எந்தக் காலத்துப் பட்டறையில் இருந்ததோ, தாடைகள் இரண்டும் ஒட்டிப்போய், நடுத்திருகு இறுகி, அதன் மேல் கிரீஸும் தூசியும் சேர்ந்து கல்லாகிக் கிடந்தது. மூன்று வாரமாக என்னென்னவோ செய்து பார்த்தார். திருகு ஒரு மயிரிழை கூட அசையவில்லை.

அலமாரியில் மச்சினன் எப்போதோ வைத்துவிட்டுப் போன சிவப்பு டப்பா ஒன்று இருந்தது. பிரேக் கிளீனர். காரின் பிரேக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை ஒரே பீய்ச்சலில் கரைக்கும் மருந்து. எடுத்துத் திருகு முழுக்கப் பீய்ச்சினார். கிரீஸ் கறுப்புக் கஞ்சியாக வழிந்தது. ஆனாலும் திருகு அசையவில்லை. சூடு காட்டினால் இரும்பு விரியும், பிடி தளரும் என்று அவருக்குத் தெரியும். கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தார். காற்றில் சுடர் ஆடியதால் ஜன்னலைச் சாத்தினார். திருகின் இடுக்கில் அந்த மருந்து இன்னும் ஈரமாக நின்றிருந்ததை அவர் யோசிக்கவில்லை.

பெரிய புகை ஒன்றும் வரவில்லை. மெல்லிய வெள்ளைப் புகை, அவ்வளவுதான். ஆனால் அதன் வாசனை இரும்பு வாசனையாகவோ எண்ணெய் வாசனையாகவோ இல்லை. மழையில் நனைந்து மக்கிப்போன வைக்கோல் மாதிரி இருந்தது. இது எங்கிருந்து வருகிறது என்று நினைப்பதற்குள் தொண்டையை யாரோ உள்ளிருந்து பிடித்து நெரித்தது போலிருந்தது. கண்ணில் நீர் கொட்டியது. டார்ச்சை மேசையில் அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடி வந்து, குனிந்து நின்று இருமினார்.

மச்சினன் படியில் இறங்கிக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, யாகம் வளர்த்துட்டீங்களா?"

"டார்ச்... எரியுது மாப்ளே. அணைக்காம வந்துட்டேன்."

அவன் உள்ளே போனான். டார்ச்சை அணைத்தான். ஜன்னலைத் திறந்தான். இன்னும் புகைந்துகொண்டிருந்த வைஸைச் சாக்கால் சுற்றி, மூச்சு வாங்கத் தூக்கிவந்து முற்றத்தில் வைத்தான். இரண்டு தடவை இருமிவிட்டுக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டான்.

"விடுங்க. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு."

பத்து நிமிஷத்தில் கண்ணாடிக்காரருக்கு எல்லாம் சரியாகிவிட்டது. இருமல் நின்றது, கண் எரிச்சல் அடங்கியது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, சும்மா இருக்க மாட்டாமல் அந்தச் சிவப்பு டப்பாவைக் கையில் எடுத்தார். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்துகள். பொடி எழுத்து என்றால் அவருக்குத் தொழில் புத்தி வந்துவிடும். பூதக்கண்ணாடியை வைத்து வரி வரியாகப் படித்தார். நெருப்புக்கு அருகிலோ சூடான இரும்பின் மேலோ பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரி. சூடுபட்டால் நச்சு வாயு உண்டாகும் என்று அடுத்த வரி. உயிருக்கு ஆபத்து என்பது மூன்றாவது.

மனைவியைக் கூப்பிட்டார். அவள் டப்பாவில் போட்டிருந்த அவசர எண்ணுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தாள். எடுத்தது ஒரு பெண் குரல். என்ன நடந்தது என்று அலுங்காமல் கேட்டுக்கொண்டாள்.

"அந்தப் புகையை யார் யார் சுவாசிச்சீங்க?"

"நான் மட்டும்தான்."

"இப்ப எப்படி இருக்கு சார்?"

"ஒண்ணும் இல்லைங்க. நல்லா இருக்கேன்."

"அதை வச்சு எதுவும் சொல்ல முடியாது சார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஓடாதீங்க, படி ஏறாதீங்க, எதையும் தூக்காதீங்க. வேற யாராவது வண்டி ஓட்டட்டும்."

வண்டியை மச்சினன்தான் ஓட்டினான்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. வயது முப்பது இருக்கும். சுற்றி வளைக்காமல் பேசினாள்.

"இந்த வாயு உடனே ஒண்ணும் காட்டாது. உள்ள போய் நுரையீரலோட சவ்வை அரிச்சுட்டுச் சும்மா இருக்கும். ஆறு மணி நேரமோ, பன்னெண்டு மணி நேரமோ, சில பேருக்கு ஒரு நாள் கூட ஆகும். அப்புறம் நுரையீரல்ல தண்ணி கோக்க ஆரம்பிக்கும். இதுக்கு மாத்து மருந்துன்னு எதுவும் இல்லை. பாத்துக்கிட்டே இருந்து, கோத்தா உடனே பிடிக்கணும். அதுவரைக்கும் உடம்பை அலட்டவே கூடாது. கஷ்டப்பட்டு ஒரு வேலை செஞ்சாலும் அது வேகமாயிடும்."

"கோக்கலைன்னா?" என்றாள் மனைவி.

"கோக்கலைன்னா நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

மூன்றாவது மாடியில் கட்டில் கிடைத்தது. அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து லிப்டில் ஏற்றினார்கள். விரலில் ஒரு கவ்வியை மாட்டிவிட்டார்கள். ரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறது என்று பக்கத்துத் திரையில் எண் ஓடும். தொண்ணூற்றேழு என்று காட்டியது.

அவர் அந்த எண்ணைப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு அதைத் தவிர எதையும் பார்க்க முடியவில்லை. தொண்ணூற்றாறு ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரும்பத் தொண்ணூற்றேழு ஆனால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். மூச்சு விடுவதைக் கவனிக்கத் தொடங்கினால் மூச்சு விடுவதே மறந்துபோகும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. இழுத்தது போதுமா, விட்டது அதிகமா, நெஞ்சுக்குள் அது என்ன சத்தம், வயிறா நுரையீரலா? தண்ணீரில் விழுந்து மூழ்கிச் சாகிறவர்கள் உண்டு. உலர்ந்த மெத்தையில் படுத்துக்கொண்டு, மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, உள்ளே சுரக்கும் தண்ணீரில் மூழ்கிச் சாவது எப்படி இருக்கும்? அதை அவளிடம் சொல்ல முடியாது. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் கையை அவள் பிடித்திருந்த பிடியில் மோதிரம் பதிந்துவிட்டது.

வேலையெல்லாம் மச்சினன் பார்த்தான். லிப்ட் எப்போதும் நோயாளிகளோடு நிறைந்தே வந்ததால் படியிலேயே ஓடினான். கீழே போய்ச் சீட்டுப் பதிந்து வந்தான். ரத்தக் குப்பியைக் கொண்டுபோய் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தான். வீட்டுக்குப் போய் மாற்றுத்துணி, போர்வை, அக்காவின் மாத்திரைப் பெட்டி எல்லாம் தூக்கிவந்தான். "தம்பி, எக்ஸ்ரே வந்துச்சான்னு பாருடா" என்று அக்கா சொன்னால் போவான். "மாப்ளே, அந்த டாக்டரம்மாவை ஒரு எட்டுப் போய்க் கூப்பிடேன்" என்று மாமா சொன்னால் மறுபடி போவான். நடுவில் வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவான்.

"அப்படிக் கண்ணிமைக்காமப் பாக்காதீங்க மாமா. மெஷினுக்கே வெக்கமா இருக்கும்."

சிரிக்கும்போது இருமினான்.

"என்னடா இருமல்?"

"ஆஸ்பத்திரிக் காத்துதான், அக்கா. மருந்து வாசனை ஒத்துக்கல."

மணி இரண்டானது. மூன்றானது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். டாக்டரம்மா முதுகில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "இதுவரைக்கும் நல்லா இருக்கு" என்றாள். இதுவரைக்கும் என்ற சொல்லை அவர் வாய்க்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நாலரை மணிக்கு மனைவி முகம் கழுவப் போனபோது தம்பி படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"ஏண்டா இங்க உக்காந்துட்ட?"

"படி கொஞ்சம் ஜாஸ்திக்கா. வயசாயிடுச்சு போல."

அவள் திட்டிவிட்டு உள்ளே அழைத்து வந்தாள். அவன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அறையில் பேச்சில்லை. அந்த அமைதியில் கண்ணாடிக்காரர் ஒரு சத்தத்தைக் கேட்டார். டம்ளர் தண்ணீருக்குள் உறிஞ்சுகுழாயை விட்டு மெதுவாக ஊதினால் எழும் சத்தம். வந்துவிட்டது என்று நினைத்தார். மூச்சை அடக்கினார்.

அடக்கிய பிறகும் சத்தம் கேட்டது.

அவர் தலையைத் திருப்பினார். ஜன்னல் வெளிச்சத்தில் மச்சினனின் உதடு நீலம் பாரித்திருந்தது. நிறத்தில் ஒரு சாயல் மாறினாலும் கண்டுபிடிக்கிற கண் அவருக்கு.

"மாப்ளே, கையை நீட்டு."

"எதுக்கு மாமா..." அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

அவர் தன் விரலிலிருந்து கவ்வியைப் பிடுங்கி அவன் விரலில் மாட்டினார். திரை ஒரு நொடி வெறுமையாக இருந்தது. பிறகு எண்பத்துநாலு என்று காட்டியது. பிறகு எண்பத்தொன்று.

மனைவி மணியை அடிக்கவில்லை. வராண்டாவில் கத்திக்கொண்டு ஓடினாள்.

டாக்டரம்மா வந்து அவன் முதுகில் குழாயை வைத்த வேகத்திலேயே எடுத்தாள். "இவரும் அந்தப் புகையில இருந்தாரா?"

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"காலையில இருந்து படியில ஓடிட்டு இருந்தவர் இவர்தானே? ஒருத்தர் கூடச் சொல்லலையே!"

பிராணவாயு முகமூடியோடு அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இளஞ்சிவப்பு நுரை முகமூடிக்குள் தெறித்ததை அக்கா பார்த்தாள். கண்ணாடிக்காரரும் பார்த்தார். கதவு மூடிக்கொண்டது. சற்று நேரத்தில் ஒரு நர்ஸ் வந்து, தொண்டையில் குழாய் இறக்கி இயந்திரத்தில் போட்டிருப்பதாகச் சொன்னாள்.

மனைவி வெகுநேரம் கழித்துக் கேட்டாள். "அவன் உள்ள போனது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"போன்ல அந்தப் பொண்ணு கேட்டப்போ ஏங்க சொல்லலை?"

பொய் சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் மறந்துவிட்டேன் என்றால் அவள் நம்பியிருப்பாள். "எனக்கு என்னைப் பத்தித்தான் பயமா இருந்துச்சு" என்றார்.

அவள் வாயில் பழமொழி எதுவும் வரவில்லை. காலையிலிருந்து அவர் கையைப் பிடித்திருந்த தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த ஒரு நாளில் அவர் பட்ட பயம் அத்தனைக்கும் அது ஒன்றே சமமாக இருந்தது.

மறுநாள் காலை அவரை அனுப்பிவிட்டார்கள். அவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் கோக்கவில்லை. அவர் வீட்டுக்குப் போகாமல், மூடிய கதவுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். செவிலியர் யார் வெளியே வந்தாலும் எழுந்து நின்றார். மூன்று நாள் டாக்டரம்மா ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "இப்ப எதுவும் சொல்ல முடியாது." மனைவி பெஞ்சின் மறுமுனையில் இருந்தாள். இருவருக்கும் நடுவில் சாப்பாட்டுப் பை இருந்தது. பை பிரிக்கப்படாமலே வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது.

நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். பேச்சு வராமல் அவன் ஒரு தாளில் எழுதிக் காட்டினான்: "பேங்க் மேனேஜர் வண்டியில போல்ட் மாட்டல. ஓட்டிட வேண்டாம்னு சொல்லுங்க." அதைப் படித்துவிட்டு அக்கா முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். கண்ணாடிக்காரர் கட்டில் அருகே போய், "நீயும் உள்ள போனேன்னு நான் சொல்லியிருக்கணும், மாப்ளே" என்றார். அவன் கையை ஆட்டினான். விடுங்க என்கிறானா, அப்புறம் பேசலாம் என்கிறானா என்று அவருக்குப் புரியவில்லை.

இரண்டு வாரத்தில் வீடு வந்து சேர்ந்தான். மாடி ஏற முடியவில்லை. கீழறையைக் காலி செய்து கொடுத்தார்கள். அவன் வேலைக்குப் போக ஐந்து மாதம் ஆனது. இன்றைக்கும் வேகமாக நடந்தால் நின்று நின்றுதான் பேசுவான்.

அவன் வந்த அன்றே மனைவி கொட்டகையைப் பூட்டிவிட்டிருந்தாள். அது பல மாதம் பூட்டியே கிடந்தது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம், மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தம்பிதான் பேச்சை எடுத்தான்.

"அக்கா, பாவம் மாமா. ஏழாம் நாள் எங்க போறதுன்னு தெரியாம வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கறாரு. சாவியைக் குடுத்துடேன்."

அவள் கணவரைப் பார்த்தாள். "வேணுமா?"

இத்தனை மாதத்தில் அவள் அவரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. அவர் சோற்றைப் பிசைந்த விரல் நின்றது. மூக்கில் மக்கிய வைக்கோல் வாசனை ஏறியது. அங்கே வைக்கோலும் இல்லை, புகையும் இல்லை. காதில் மச்சினன் மூச்சு இழுத்து விடுவது கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தன்னையறியாமல் எண்ணினார்.

"வேண்டாம்மா" என்றார்.

அவள் எழுந்து போய் ரசப் பாத்திரத்தை எடுத்து வந்து, முதலில் தம்பிக்கு ஊற்றினாள். பிறகு அவருக்கும் ஊற்றினாள்.