ராஜாவுக்கு முதுகு காட்டக் கூடாது

அன்று காலையிலிருந்து என் மாமியார் ராமாத்தாள் ஓரிடத்தில் உட்காரவில்லை. வாசலுக்குப் போவார், பாலம் இருக்கும் பக்கம் பார்ப்பார், உள்ளே வந்து தண்ணீர் குடிப்பார், மறுபடியும் வாசல். எனக்கும் கை கால் ஓடவில்லை. சற்று முன்புதான் என் செல்போனை வாங்கிக்கொண்டு போய்ப் பத்து நிமிடம் கழித்துத் திருப்பித் தந்திருந்தார். எடுத்துப் பார்த்தால், கடைசியாகப் பேசியது மதனிடம்.

மதன் என் கொழுந்தன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஜவுளிக்கடையை விட்டுவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பவானியில் தன் மாமனார் கடையில் போய் உட்கார்ந்தான். செய்த குற்றம் அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் சின்னராஜுக்கு அது ராஜத்துரோகம். "பாலத்துக்கு இந்தப் பக்கம் கால் வெச்சீன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்று நடு வீதியில் நின்று தம்பியைப் பார்த்துக் கத்தினார். அதற்குப் பிறகு மதன் வரவில்லை. அவனுக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு எட்டு மாதம் ஆகிறது. அத்தை இன்னும் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை.

அதற்காக அத்தை சண்டை போடவில்லை. சண்டையைவிட மோசமான ஒன்றைச் செய்தார். பெற்ற மூத்த மகனுக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்தார். அதுவரை "சாப்புட வா சாமி" என்று செல்லமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், மறுநாளிலிருந்து "சோறு ஆயிருச்சுங்க மொதலாளி" என்றார். இரண்டு வருஷமாக அந்த 'ங்க' ஒரு வேளைகூடக் குறையவில்லை. என் வீட்டுக்காரர் காதில் விழாத மாதிரி சாப்பிடுவார். நான் நடுவில் நின்று ரசம் ஊற்றுவேன். ஒரு வார்த்தை பேசாமல் புருஷன் பக்கம் நிற்பதுதான் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விசுவாசமாவது ஒன்றாவது, அது வெறும் பயம்.

கடையை இடித்துப் பெரிதாகக் கட்டியிருந்தோம். அன்று திறப்பு விழா. திறந்து வைக்க வரப்போவது ஏழு மணி நாடகத்தில் வரும் ராஜா. எங்கள் குமாரபாளையத்தில் தறி ஓடுகிற வீட்டில்கூட, தறிச் சத்தத்துக்கு மேல் டிவியை அலறவிட்டு அந்த நாடகத்தைப் பார்ப்பார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த ராஜா, எதிரி நாட்டில் பெண்ணெடுத்த தன் தம்பியை நதிக்கு அப்பால் துரத்தினார். அத்தை பாதியிலேயே எழுந்து போய்விட்டார். இவரோ, "ராஜான்னா அப்படி இருக்கோணும்!" என்று தொடையைத் தட்டினார். கடை திறக்க யாரைக் கூப்பிடுவது என்பது அந்த நிமிடமே முடிவாகிவிட்டது.

நடிகரின் மேனேஜர் சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினார். ராஜா முழு வேஷத்தில் வருவார். குடை பிடிக்க ஒருவர் வேண்டும். ஜனங்கள் மைக்கில் குறை சொல்ல, ராஜா தீர்ப்புச் சொல்வார். முக்கியமாக, யாரும் ராஜாவுக்கு முதுகு காட்டக் கூடாது, பின்பக்கமாகவே நடந்து விலக வேண்டும். கூட்டம் சேர்க்க எழுதிய இந்த விளையாட்டை இவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கடைப் பெண்களுக்கு ஒரு வாரம் பயிற்சி. பின்னால் நடந்து பழகிய குப்பாயி, சேலை கட்டி நிறுத்தியிருந்த பொம்மைமேல் விழுந்ததில் பொம்மைக்கு ஒரு கை போனது. இவருக்கு மந்திரி வேஷம். தலைப்பாகை கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் குனிந்து குனிந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யாரோ ஒரு நடிகனுக்கு இத்தனை வளைகிற முதுகு, பெற்ற தாய்க்கு ஒரு தடவை வளையவில்லையே.

"அத்தை, மதன் தம்பியை வரச் சொல்லிட்டீங்களா?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஆமா."

"இவரு பாத்துட்டா அத்தன சனத்து முன்னால அசிங்கமாப் போயிருமுங்க."

"போவட்டும். ஊட்டுக்குள்ள சொன்னா யாருக்கு ஒறைக்குது?" என்றவர் மறுபடியும் வாசலுக்குப் போனார்.

பதினோரு மணிக்கு ராஜா வந்தார். சித்திரை வெயிலில் கிரீடத்தின் கீழிருந்து வியர்வை வழிந்து, ஒட்டுமீசையின் ஒரு முனை கிளம்பியிருந்தது. கல்யாண மண்டபத்திலிருந்து எடுத்து வந்த மாப்பிள்ளை நாற்காலிதான் சிம்மாசனம். பக்கத்திலேயே இவர் தலைப்பாகையோடு நின்றார். எனக்கு மேடையில் கண் நிற்கவில்லை. கூட்டத்தைத் துழாவினேன். கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் மதன் நின்றிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி நர்மதா, அவள் இடுப்பில் குழந்தை.

மைக் வந்தது. ஒருவர் சாக்கடை அடைப்பைச் சொன்னார், ஒருத்தி செல்ஃபி கேட்டாள். மூன்றாவதாக அத்தை மேடை ஏறினார். கும்பிடவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சாமி," என்றார். "தம்பி செஞ்சது தப்பாவே இருக்கட்டும். அதுக்குன்னு ஆத்துக்கு அக்கட்ட எத்தன நாளைக்கு வெச்சிருப்ப? கூப்பிட்டுக்க சாமி."

கூட்டம் ஹோவென்று சிரித்தது. பாட்டி நாடகத்தை நிஜமென்று நம்பி ராஜாவையே அதட்டுகிறது என்று விசில் பறந்தது. எனக்கு மட்டும் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பேச்சில் எங்கேயும் 'ங்க' இல்லை. முன்பின் தெரியாத மனிதரிடம் அத்தை அப்படிப் பேசவே மாட்டார். அவர் கண் சிம்மாசனத்தில் இல்லை, அதற்குப் பக்கத்தில் இருந்தது. இவருக்கும் புரிந்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்துக் காதில் விழுந்த 'சாமி' அல்லவா, முகம் வெளுத்துப் போனது.

நடிகருக்கு ஒரே உற்சாகம். எழுந்து கையை உயர்த்தினார். "அன்னையே! தங்கள் கண்ணீர் என் செங்கோலை அசைத்துவிட்டது!" அத்தை கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லை. "அமைச்சரே! நதிக்கு அப்பால் வாடும் என் தம்பியை இக்கணமே அழைத்து வாருங்கள்!"

பட்டியல்படி இவர் குனிந்து, "உத்தரவு மன்னா" என்று சொல்லிப் பின்னால் நடந்திருக்க வேண்டும். குனியவில்லை. கூட்டத்தைப் பார்த்தார். கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் தெரிந்த முகத்தில் அவர் பார்வை நின்றது. மதன் பயந்து ஓரடி பின்வாங்கினான். அங்கேயே கத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

இவர் சிம்மாசனத்துக்கு முழு முதுகையும் காட்டித் திரும்பினார். "சார், முதுகு! முதுகு!" என்று மேனேஜர் பதறினார். இவர் படியில் இறங்கிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அம்மா வரச் சொல்லுச்சுங்கண்ணா. அதனாலதான் பாலத்தத் தாண்டிட்டேன்" என்றான் மதன்.

இவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். குழந்தையைப் பார்த்தார். கடைசியில், "வெயில்ல புள்ளைய வெச்சுட்டு ஏன் நிக்கற? ஊட்டுக்கு வா சாமி" என்றார்.

நான் அழுதுவிட்டேன். மறைக்கவில்லை. இந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு வருஷமா என்று கோபமாகவும் இருந்தது, அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

அதற்குள் அத்தை வந்து நர்மதாவிடமிருந்து குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். குழந்தை அவர் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. மேடையில் ராஜா தூக்கிய கையை இறக்காமல், மீசை ஒரு பக்கம் தொங்க, தம்பி எப்போது வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டமே இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அவரை யாரும் கவனிக்கவில்லை. அத்தைதான் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க," என்று மேடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார், "நீங்களும் சாப்புட்டுட்டுப் போங்க."