கூறையின் மறுமுனை

கூறைச்சேலையை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. முடியும் என்பவர் ஆறு கஜக் கனத்த பட்டைக் கையால் தொட்டே பார்த்திருக்க மாட்டார். இராசையா தொட்டுப் பார்த்தவர். தைப்பொங்கல் கழிந்ததும் சிலிபினில் இருந்த தங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் ஒரு முனையைப் பிடிப்பார், மனைவி புனிதவதி மறுமுனையைப் பிடிப்பாள். தன் கல்யாணக் கூறையை நிழலில் காற்றாட விட்டு, போன வருஷம் மடிப்பு விழுந்த இடத்தில் இந்த வருஷம் விழாதபடி தள்ளி மடிப்பாள். தறியில் நெய்த பட்டு ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகையே அதை அறுத்துவிடும் என்று வருஷா வருஷம் சொல்லுவாள். அவருக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த பாடம்.

"கையை உயர்த்திப் பிடியுங்கோ, நிலத்தில படுது" என்று அதட்டுவாள். அரசாங்க இலாகாவில் ஒரு கூட்டத்தையே மேய்த்த மனுஷன், அந்த அதட்டலுக்கு வாய் திறக்காமல் கையை உயர்த்துவார்.

அவள் போய் நாலு வருஷமாகிறது. கூறை அலமாரி மேல்தட்டில், பழைய வெள்ளை வேட்டித் துண்டுக்குள் அப்படியே கிடந்தது. மறுமுனை பிடிக்க ஆளில்லை என்று இராசையா தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சுத்தப் புளுகு. பக்கத்து வீட்டுப் பெட்ரீசியா, வேலிக்கு இப்பால் நின்று ஒரு குரல் கொடுத்தால் வந்திருப்பார். புனிதவதியோடு கறிவேப்பிலை முதல் கவலை வரை கொடுத்து வாங்கியவர். இவர்தான் கூப்பிடவில்லை. வேலியோரம் பார்த்தால் மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

உண்மை என்னவென்றால், அது புனிதவதி கடைசியாக மடித்த மடிப்பு. சமையலறை டப்பாக்கள் இடம் மாறிவிட்டன, தலையணை உறையைத் துவைத்தாகிவிட்டது. அவள் கை வைத்தபடியே வீட்டில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். சில சாயங்காலங்களில் துண்டை விலக்கி மேல்மடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு மூடி வைப்பார். பிரிக்க மட்டும் மனசு வந்ததில்லை.

ஜொகூரில் வேலை பார்க்கும் மகள் சுவர்ணாவுக்கு இப்போது கல்யாணம் கூடி வந்திருந்தது. தாலி கட்டும்போது மாப்பிள்ளை வீட்டுக் கூறை, ராத்திரி விருந்துக்கு அம்மாவின் கூறைதான் என்று அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். ரவிக்கைத் துணி எடுக்க நிறம் பார்க்க வேண்டுமாம், முழுசாக விரித்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னாள்.

மறுநாள் காலை இராசையா குளித்து, கையை ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு கூறையை எடுத்தார். அப்போதும் பெட்ரீசியாவைக் கூப்பிடவில்லை. ஒரு முனையை ஜன்னல் கம்பியில் துணிக் கிளிப்பால் மாட்டினார். கிளிப்பின் பல் பட்டில் பதியாமலிருக்க இடையில் கைக்குட்டையை வைத்தார். அந்த அக்கறைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தபடி பின்னால் நடந்தார்.

உள்மடிப்பு பிரியும்போது வெங்காயச் சருகு உடைவது போல ஒரு சத்தம். தூக்கிப் பார்த்தார். மடிப்பு இருந்த இடமெல்லாம் பட்டு அறுந்து, கோடு கோடாக ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. அவர் தடவித் தடவிப் பார்த்த மேல்மடிப்பு மட்டும் புதுசு போல இருந்தது. இனி இதை யாரும் கட்ட முடியாது. மடிப்பைக் காக்கப் போய்ச் சேலையைத் தொலைத்துவிட்டார்.

அவளுடைய செத்தவீட்டன்று வந்தவர்களுக்கெல்லாம் கோப்பி கொடுக்கச் சொல்லி ஓடிக்கொண்டிருந்தவர், இன்றைக்கு நின்ற இடத்திலேயே அழுதார். பார்க்க யாருமில்லாதது ஒருவகையில் வசதியாகவும் இருந்தது, அதுவே தாங்கவும் முடியவில்லை.

பூச்சி அரித்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த போனை இடக்கையால் எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"சேலை மடிப்புல அறுந்துபோச்சும்மா. அம்மா மடிச்சதுன்னு நான் பிரிக்காமலே வெச்சிருந்துட்டேன்."

சுவர்ணா திட்டப்போகிறாள் என்று காத்திருந்தார்.

"தனியாவா விரிச்சீங்க? அந்தப் பக்கம் யாருப்பா பிடிச்சது?"

"ஜன்னல் கம்பிதான்லா" என்று சிரிக்கப் பார்த்தார்.

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"மடிக்காதீங்கப்பா. அப்படியே இருக்கட்டும். நான் வாரேன்."

லீவு கிடைக்காது, பஸ் தூரம், கல்யாண வேலை கிடக்கு என்று அவர் அடுக்குவதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.

ஜொகூரிலிருந்து பஸ் வந்து சேர இருட்டிவிடும். அதுவரை பிடித்துக்கொண்டு நிற்க முடியாது என்று இராசையாவுக்குத் தெரியாமலில்லை. நாற்காலி முதுகில் போட்டுவிட்டால் தீர்ந்தது, அதுவும் பக்கத்திலேயே இருந்தது. இருந்தாலும் ஜன்னலைப் பார்த்தபடி, சேலை நிலத்தில் படாமல் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.